பட்டை போட்ட பிளாட்டினம்

செப்டெம்பர் 30, திங்கள்

நேற்று கந்தப்பளைக் கல்யாண வீட்டில் என் தலை அழுதது. கறுப்புக் கண்ணீர்.

வாசலில் சந்தனக் கும்பாவோடு நின்று வருகிறவர்களை வரவேற்கும் வேலையை எனக்குக் கொடுத்திருந்தார்கள். பனி இறங்கிக்கொண்டிருந்தது. காலையில்தான் சாயம் பூசி, இருபத்தைந்து வயதுக் கோலத்தில் போயிருந்தேன். மாப்பிள்ளையின் சித்தப்பாவிடம் "நான் பிளாட்டினம் எஞ்ஜினியர்" என்று சொல்லி வாயை மூடவில்லை, அவர் மனைவி என் காதையே பார்த்தாள்.

"அண்ணே, காதுல என்னமோ வடியுது. கறுப்பா இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க."

வெள்ளைச் சட்டைக் கழுத்தில் தார் ஊற்றினாற்போல. இந்திராதேவி, என் தர்மபத்தினி, பக்கத்தில் நின்றவள், என்னைத் தெரியாதவள் போல வெற்றிலைத் தட்டை ஒழுங்குபடுத்தத் தொடங்கினாள்.

இன்னொன்றையும் இங்கேயாவது உண்மையாக எழுதி வைக்கிறேன். நான் எஞ்ஜினியர் இல்லை. ஸ்டோர்காரன். இதே கட்டிடத்தில்தான் தேயிலை பெக்டரி இருந்த காலத்தில் டீமேக்கருக்குக் கையாளாக இருந்தேன். பெக்டரி மூடினார்கள். வாங்கிய புதுக் கம்பனி கூரை, கொழுந்து வாட்டுகிற மாடி, எலிகள், நான் என்று எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்துக்கொண்டது. எலிகளைப் பிறகு துரத்திவிட்டார்கள்.


ஒக்டோபர் 1, செவ்வாய்

சாயம் வடிந்த கதை எனக்கு முன்னால் வேலைக்கு வந்துவிட்டது. கூட்டிப் பெருக்கித் தேத்தண்ணி போடுகிற பேச்சியம்மா கல்யாணத்துக்கு வரவேயில்லை. ஆனால் எந்தக் காது என்பதுவரை சொல்கிறாள்.

சுதர்ஷினி மிஸ் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் மோசம். அக்கறையாக விசாரித்தாள்.

"தலைக்கு எண்ணெய் வெச்சிருந்தீங்களாண்ணே?"

"எப்பவும் வெக்கிறதுதானே மிஸ்."

"அப்ப எப்படி ஒட்டும்? எண்ணெய் மேல சாயம் சும்மா படுத்திருக்கும், பிடிக்காது. எங்க தகடும் அப்படித்தான். கை வேர்வை பட்டாக் கூடப் போச்சி."

சுதர்ஷினி உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. முப்பது வயது ஆகவில்லை. இந்தக் கட்டிடத்தில் உண்மையான எஞ்ஜினியர் அவள்தான். கொழும்பில் படித்து, அங்கேயே வேலை பார்த்து, மலைக்குத் திரும்பி வந்தவள். அவள் என்ன செய்கிறாள் என்பதைக் கல்யாண வீடுகளில் நான் தப்பாகச் சொல்லிவருவதால், சரியானதை ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன்.

நாங்கள் செய்வது கண்ணாடி நூல். தண்ணீர் டாங்கிக்கும் படகுக்கும் போகிறது. கண்ணாடியை டாங்கி என்கிற பெரிய உலையில் உருக்கி, அடியில் ஓட்டைகள் உள்ள தகட்டின் வழியாக இழையாக இறக்க வேண்டும். இடியப்ப உரல்தான், மாவுக்குப் பதில் நெருப்பு. அந்தத் தகடு முழுசாகப் பிளாட்டினத்தில் இருந்தால் நல்லது. முழுசாகப் போட நாங்கள் என்ன மகாராஜாவா? ஆகவே நடுவில் மொலிப்டினம் என்றொரு உலோகம். எந்தச் சூட்டிலும் வளையாத முரடன். ஆனால் ஒரே ஒரு பலவீனம்: சூட்டில் இருக்கும்போது காற்றுப் பட்டால் கற்பூரம் மாதிரி வெள்ளைப் புகையாகப் போய்விடுவான். அதனால் அவனுக்கு இரண்டு பக்கமும் பிளாட்டினத்தில் தோல் போர்த்த வேண்டும். பசை கிடையாது. ஆணி கிடையாது. சுத்தமாகக் கழுவி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, காற்றே இல்லாத அழுத்து மெஷினுக்குள் சூடேற்றி அமுக்கினால் இரண்டும் ஒன்றாகிவிடும். போர்வையில் ஊசிக்கண் அளவு ஓட்டை விழுந்தால் போதும். உள்ளே இருப்பவன் சத்தமில்லாமல் காலியாவான், வெளியே தோல் மட்டும் மினுக்கிக்கொண்டு நிற்கும்.

(இதை எழுதும்போது எனக்கு ஏன் என் ஞாபகம் வருகிறது?)

இரண்டுக்கும் நடுவில் இன்னொரு மெல்லிய படலமும் வைக்கிறார்கள். இல்லாவிட்டால் நாள்போக்கில் ஒன்றையொன்று தின்றுவிடுமாம். இரவு சாப்பிடும்போது இதை இந்திராதேவிக்கு விளக்கினேன்.

"அப்ப நம்ம கல்யாணத்துல அத வெக்க மறந்துட்டாங்க," என்றாள்.


ஒக்டோபர் 4, வெள்ளி

இன்றைக்குச் சிரிப்பு இல்லை.

மெனேஜர் யோகேஸ்வரன் சார் எல்லோரையும் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். கோபப்பட்டாலும் மரியாதையாகத்தான் கேட்கும். நமக்குத்தான் எப்போது கோபம், எப்போது மரியாதை என்று பிடிபடாது.

"முந்தின ரெண்டு தகடும் வெளியில எடுக்கேக்கையே உரிஞ்சு போச்சு. இது மூண்டாவது. இதுவும் பிழைச்சால் முதலாளி வெளிநாட்டிலயிருந்து செய்த தகட்டையே இறக்கிறதெண்டு முடிவெடுத்திட்டார். பிறகு இந்தப் பிரிவு தேவைப்படாது. விளங்குதோ?"

விளங்கியது. அந்தப் பிரிவு என்றால் சுதர்ஷினியும், அவளிடம் வேலை பழகுகிற நம் தோட்ட லயத்துப் பெண்கள் இரண்டு பேரும். நூல் ஓடும், டாங்கி எரியும், ஸ்டோரில் நான் இருப்பேன். அவர்கள் மட்டும் போய்விடுவார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு கையுறை வாங்க ஸ்டோருக்கு வந்தாள். அவளைச் சிரிக்கவைக்க ஏதாவது பகிடி சொல்லவேண்டும் என்று தேடினேன், அகப்படவில்லை.

"இங்கயே செய்ய முடியும்னு நான்தாண்ணே வாயக் குடுத்தேன்," என்றாள். "யாரும் கேக்கல. நானா சொன்னேன்."


ஒக்டோபர் 7, திங்கள்

எண்ணெய் வைக்காமல் சாயம் பூசிப் பார்த்தேன். பிடித்திருக்கிறது. நெற்றியிலும்.


ஒக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூசை.

தேயிலை பெக்டரி காலத்தில் ரோலருக்கும் அடுப்புக்கும் மாலை போட்டு வளர்ந்த கை இது. கட்டிடம் மாறினாலும் பழக்கம் மாறுமா? இன்றைக்குத் தராசுக்குச் சந்தனம், பாரம் தூக்கும் வண்டிக்கு மாலை, கம்பியூட்டருக்குக் குங்குமம். யோகேஸ்வரன் சாரின் கோப்பி மெஷினுக்குக் கூடப் பேச்சியம்மா ஒரு பொட்டு வைத்துவிட்டாள். அவர் "சரி, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஒரு கை சுண்டலோடு அறைக்குள் போய்விட்டார். சாமி விசயத்தில் அவர் சுண்டல் மட்டும்.

சுதர்ஷினி மத்தியானமே ஊருக்குப் போய்விட்டாள். வீட்டில் பூசையாம். போகும் முன் மொலிப்டினம் தகட்டைக் கழுவி, காயவைத்து, கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிவிட்டுப் போனாள். திங்கட்கிழமை அது மெஷினுக்குள் போகவேண்டும். பெட்டிக்கு இரண்டு சாவி. மற்றது ஸ்டோரில். அதாவது என்னிடம்.

பேச்சியம்மா விபூதித் தட்டோடு பெட்டி முன்னால் நின்றுவிட்டாள்.

"எல்லாத்துக்கும் வெச்சாச்சி. திங்கக்கெழம சேரப்போற கல்யாணப் பொண்ணுக்கு வெக்காம விட்டா எப்படிங்கய்யா?"

"தொடக் கூடாதுன்னு மிஸ் சொல்லியிருக்காங்க பேச்சி."

"மனுசன் தொடக் கூடாது. சாமி தொட்டா தொட்டதாகுமா?"

இந்தக் கேள்விக்கு மடாதிபதிகளே திணறுவார்கள். ஸ்டோர்காரன் எம்மாத்திரம்.

அவள் மட்டும் காரணமா? இல்லை. எனக்கும் ஆசை இருந்தது. மூன்றாவது தகடு. அந்தப் பிள்ளையின் முகம். நான் வேறு என்ன செய்யமுடியும் அவளுக்கு? கையுறை எடுத்துக் கொடுப்பதைத் தவிர?

பெட்டியைத் திறந்தேன். மிக ஒழுங்காகக் கையுறை போட்டுத்தான் தகட்டை எடுத்தேன். கையுறையோடு விபூதி பூசினால் மரியாதையாக இருக்காதே என்று கழற்றினேன். தட்டில் குழைத்து வைத்திருந்ததில் மூன்று விரலைத் தோய்த்து, தகட்டுக்கு ஒரு பட்டை. பார்க்கச் சின்னச் சிவலிங்கம் மாதிரி இருந்தது. பேச்சியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கற்பூரம் காட்டி முடித்து, பட்டை காய்ந்ததும் சட்டைப் பையில் இருந்த லேஞ்சியால் துடைத்தேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். சுவடே இல்லை. பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.

மனசுக்கு நிறைவாக இருக்கிறது.


ஒக்டோபர் 14, திங்கள்

தகடு உள்ளே போய்விட்டது. சுதர்ஷினி அதைக் குழந்தையைத் தொட்டிலில் போடுவது போல வைத்தாள். மேலே பிளாட்டினம், கீழே பிளாட்டினம். கதவை மூடினார்கள். நாளைக்குத்தான் திறப்பார்கள்.

பேச்சியம்மா எதிரே வரும்போதெல்லாம் என்னைப் பார்த்துத் தலையாட்டுகிறாள், இரண்டு பேருமாகக் களவாகக் கோயில் கட்டிவிட்ட மாதிரி.


ஒக்டோபர் 15, செவ்வாய்

ஐயோ.

திறந்தார்கள். எல்லோரும் சுற்றி நின்றோம். தகடு வந்தது. வெள்ளி மாதிரிப் பளபளவென்று — அதன் நடுவில் மூன்று கோடு. புடைத்துக்கொண்டு. தீக்காயத்தில் தோல் எழும்புமே, அப்படி. ஒன்றின்கீழ் ஒன்றாக மூன்று.

பிறகு பேச்சியம்மா இரண்டு கையையும் தூக்கிவிட்டாள்.

"அரோகரா! பட்டை போட்டுக்கிட்டு வந்திருக்கான்யா! சாமியே வந்திருக்கான்!"

பயல்கள் கும்பிட்டார்கள். ஒருவன் செருப்பைக் கழற்றினான். யோகேஸ்வரன் சார் கண்ணாடியைப் போட்டு, கழற்றி, திரும்பப் போட்டார்.

"இதென்ன கோதாரி?"

சுதர்ஷினி விரலால் மெல்லத் தடவினாள். "ஒட்டல சார்," என்றாள். "உள்ளுக்க ஏதோ இருந்து ஆவியாகித் தூக்கியிருக்கு."

"நீங்கள் ஒழுங்காக் கழுவேல்லையோ?"

"கழுவுனேன் சார்."

"கழுவினால் இது எப்பிடி?"

நான் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேல்கோடு நேர். கீழ்க்கோடு நேர். நடுக்கோடு ஒரு பக்கம் தாழ்ந்து, கோணலாக ஓடுகிறது. என் நடுவிரல் ரோலரில் அகப்பட்டு வளைந்துபோனதில் இருந்து என் நடுக்கோடு எப்போதும் அப்படித்தான் ஓடும். தினமும் காலையில் பட்டை போட்டுக் கண்ணாடியில் பார்க்கிற கோடு. அப்போதும் அது என் நெற்றியில் இருந்தது! எல்லோருக்கும் முன்னால்! சாட்சியை முகத்தில் எழுதிக்கொண்டு நிற்கிற திருடனை யாராவது பார்த்திருக்கிறீர்களா?

ஸ்டோரைப் பூட்ட மறந்துவிட்டேன் என்று சொல்லி ஓடினேன். போய் நெற்றியைக் கழுவினேன்.


ஒக்டோபர் 16, புதன்

வெறும் நெற்றியோடு வேலைக்குப் போனேன். பேச்சியம்மா கையிலிருந்த விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டாள்.

"என்னங்கய்யா, வீட்டுல ஏதும் துக்கமா?"

"இல்ல. அலர்ஜி."

"துன்னூறு அலர்ஜியா! யாருக்குங்கய்யா அப்படி வந்திருக்கு?"

கோடு விழுந்த தகட்டின் படம் போனுக்குப் போன் பறந்து தலவாக்கலைவரை போய்விட்டது. கேட்டில் முச்சக்கரவண்டிக்காரர்கள் ஆள் கொண்டுவந்து இறக்குகிறார்கள். கோயில் கமிட்டியிலிருந்து இரண்டு பேர் வந்து தகட்டைக் கோயிலில் வைக்கத் தருவீர்களா என்று கேட்டார்கள். யோகேஸ்வரன் சார் அவர்களிடம், அது பிளாட்டினம், அதற்கு முதலாளி இருக்கிறார் என்று விளக்கினார். முதலாளிக்கு மேலே ஒரு முதலாளி இருக்கிறார் என்று அவர்கள் அவருக்கு விளக்கினார்கள்.

ஊர்க்கதை எல்லாவற்றையும் முதல் ஆளாகச் சொல்கிறவன் நான். இன்றைக்கு ஊரே பேசுகிற கதை என்னுடையது. வாயைத் திறக்க முடியவில்லை.

சாயந்திரம் ஜன்னல் வழியே பார்த்தேன். சுதர்ஷினி தன் மேசை லாச்சியைக் காலி பண்ணிக்கொண்டிருந்தாள். அந்த இரண்டு பெண்களும் பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.


ஒக்டோபர் 17, வியாழன். பௌர்ணமி, போயா லீவு

இந்திராதேவி தேங்காய் துருவிக்கொண்டே தங்கச்சி அனுப்பிய படத்தைப் பார்த்தாள். பெரிதாக்கினாள். என்னைப் பார்த்தாள். மறுபடி படத்தை.

"இது நீங்க போட்டது."

"என்னடி உளர்ற? சாமி—"

"சாமிக்கு வெரலு கோணையா? கல்யாணம் கட்டுன நாள்ல இருந்து இந்தக் கோணக்கோட்டத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

சொல்லிவிட்டேன். எல்லாம். அவள் துருவுவதை நிறுத்தவில்லை.

"அந்தப் புள்ள என்ன சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லல. லாச்சியக் காலி பண்ணுது."

"நீங்க?"

"நான்... யோசிக்கிறேன்."

"கல்யாண வீட்டுல எஞ்ஜினியர்னு சொல்ல யோசிச்சீங்களா?"

சொன்னால் என் வேலை போகும். இந்த வயசில், இந்தச் சாயத்தோடு, யார் எடுப்பார்கள்? சொல்லாவிட்டால் அவள் வேலை போகும். படித்தவள், எங்கேயாவது பிழைத்துக்கொள்வாள் — இப்படி ஒரு நினைப்பு வந்தது. வந்ததை எழுதி வைக்கிறேன். அழகான நினைப்பு இல்லை.


ஒக்டோபர் 18, வெள்ளி

முதலில் சுதர்ஷினியிடம் போனேன். பஸ்ஸில் வரும்போதே நல்ல வசனமாகத் தயார்பண்ணியிருந்தேன். "மிஸ், அந்தக் கோடு..." என்றதோடு மீதி மறந்துபோனது.

"தெரியும்ணே," என்றாள். "நெத்தியக் கழுவிட்டு வந்தீங்களே, அப்பவே தெரியும்."

"பிறகு ஏன் மிஸ் சொல்லல?"

"சொன்னா உங்கள நிப்பாட்டிருவாங்க. நான் எங்கயாச்சும் போவேன். நீங்க எங்கண்ணே போவீங்க?"

எனக்கு வந்த அதே நினைப்பு. அவளிடம் அது என் பக்கமாகத் திரும்பியிருந்தது. எனக்குக் கோபமே வந்தது, யார் மேல் என்று தெரியாமல். நேரே சாரின் அறைக்குப் போய்விட்டேன். கதவைத் தட்டக்கூட இல்லை.

"சார், அது சாமி இல்ல. நான்."

அவர் முழுவதும் கேட்டார். லேஞ்சி விசயத்தையும் கேட்டார். பிறகு எழும்பி, ஜன்னல் வரைக்கும் போய், திரும்பி வந்தார்.

"உமக்கென்ன விசரோ? நீர் படிச்ச மனுசன்தானே?"

"ஓ.எல். பரீட்சை மட்டுந்தான் சார். அதுவும் ரெண்டாந்தரம்."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. சாவியை மேசையில் வைக்கச் சொன்னார். திங்கட்கிழமை முதலாளி போன் எடுப்பார், நடந்ததை அப்படியே சொல்லப்போவதாகச் சொன்னார்.

சுதர்ஷினி என் பின்னாலேயே வந்து நின்றிருக்கிறாள்.

"சார், சொல்றதுக்கு முந்தி தகட்ட வெட்டிப் பாக்கணும். பட்டை பட்ட எடம் மட்டுந்தான் பிடிக்கலன்னா, மத்த எடமெல்லாம் நல்லாப் பிடிச்சிருக்குன்னு முதலாளிக்குக் காட்டலாம். அப்ப செய்முறை சரி. ஆளுதான் பிழை."

ஆள் என்று சொல்லும்போது என்னைப் பார்க்காமல் பார்த்தாள். நியாயம்தானே.


ஒக்டோபர் 21, திங்கள்

வெட்டினார்கள். கோட்டிலிருந்து தள்ளி, சுத்தமான ஓரத்தில். சுதர்ஷினி குறட்டால் பிளாட்டினத்தின் முனையைப் பிடித்து இழுத்தாள்.

உரிந்து வந்துவிட்டது. அவித்த உருளைக்கிழங்குத் தோல் மாதிரி. இன்னொரு மூலை — அதுவும். கோடு இருந்த இடம், இல்லாத இடம் எல்லாம் ஒன்றுதான். எங்கேயும் பிடிக்கவில்லை. சும்மா படுத்திருந்தது.

எனக்குள்ளே ஒரு துள்ளல்: நான் இல்லை! நான் காரணம் இல்லை! அடுத்த நிமிசம் அவள் முகத்தைப் பார்த்தேன். ஆள் பிழை இல்லை என்றால் செய்முறை பிழை. செய்முறை அவளுடையது.

துள்ளலை அப்படியே விழுங்கிக்கொண்டேன். நெஞ்சில் நிற்கிறது இன்னும்.

முதலாளி புதன்கிழமை போன் எடுக்கிறாராம். சார் எப்படியோ இரண்டு நாள் தள்ளிவிட்டிருக்கிறார்.


ஒக்டோபர் 23, புதன்

நேற்று முழுக்க மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். சாப்பிடவில்லை. பேச்சியம்மா கொண்டுபோய் வைத்த பிளேன்டீ ஆறிப்போய், அதையே திரும்பச் சூடாக்கிக் கொண்டுபோய் வைத்தாள். நான் கிட்டப் போகவில்லை. என் ராசி எல்லோரும் அறிந்ததுதானே.

இன்று காலை உள்ளேயிருந்து கத்தினாள். "சார்! இங்க வாங்க!"

எல்லோரும் ஓடினோம். மெஷின் வெறுமையாக, திறந்தபடி நிற்கிறது. எதையும் அமுக்கவில்லை. ஆனால் அழுத்தம் காட்டுகிற வட்ட மீட்டரின் முள் மேலே, இருக்கவேண்டிய இடத்தில், கம்பீரமாக நிற்கிறது.

"சும்மா இருக்கும்போதும் இதே அளவுதான் காட்டுது. முள்ளு சிக்கியிருக்கு சார். நான் இதப் பாத்து அமுக்குது அமுக்குதுன்னு நெனச்சிக்கிட்டிருக்கேன். மூணு தகட்டுக்கும் மெஷின் அமுக்கவேயில்ல. சும்மா கை வெச்சிருக்கு."

யோகேஸ்வரன் சார் மீட்டர்க் கண்ணாடியில் விரலால் ஒரு சுண்டு சுண்டினார். முள் மயக்கம் போட்டவன் மாதிரிச் சரிந்து கீழே விழுந்தது.

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும். சுதர்ஷினி மட்டும் கையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது.


ஒக்டோபர் 25, வெள்ளி

முதலாளி கேட்ட முதல் கேள்வியாம்: "அந்தக் கோடு மட்டும் இல்லாவிட்டால் தகடு பார்க்க எப்படி இருந்திருக்கும்?"

"அச்சா இருந்திருக்கும்," என்று சார் சொன்னாராம். அதாவது ஒருவரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டோம். டாங்கியின் அடியில் பூட்டியிருப்போம். பிளாட்டினம் உரிந்து, மொலிப்டினம் புகையாகி, உருகின கண்ணாடி முழுக்க ஆட்கள் நிற்கிற இடத்தில் இறங்கியிருக்கும். கீழே நிற்பவர்கள் யார்? அந்த இரண்டு பெண்களும்தான்.

இதில் பகிடி ஒன்றும் எனக்கு வரவில்லை.

புது மீட்டர் வருகிறது. இன்னொரு தகட்டுக்கு அனுமதி. அதுதான் கடைசி.

என் விசயம்: வேலை இருக்கிறது, பெட்டிச் சாவி இல்லை. சார் சொன்னார், "மூர்த்தி, நீர் செய்தது முழுப் பிழை. ஆனால் நல்ல வேளை செய்தீர்." இப்படி ஒரு பாராட்டு இலங்கையில் வேறு யாருக்கும் கிடைத்திருக்காது.


ஒக்டோபர் 27, ஞாயிறு

பெக்டரியில் இப்போது இரண்டு கட்சி. சாமி தடுத்தது என்பது ஒன்று. சாமி மூர்த்தியை வைத்துத் தடுத்தது என்பது மற்றது. நான் எந்தக் கட்சி என்று கேட்கிறார்கள். அடக்கமாகச் சிரித்து வைக்கிறேன். கண்ணாடி முன்னால் பழகின சிரிப்பு.

நெற்றியில் பட்டை மறுபடி ஏறிவிட்டது. முன்னைவிட அகலமாக.


ஒக்டோபர் 31, வியாழன். தீபாவளி

மச்சான் வீட்டுக்குப் போனோம். "என்ன, பிளாட்டினம் எஞ்ஜினியர்!" என்று கூப்பிட்டான். "இல்ல, ஸ்டோர்," என்றேன். இந்திராதேவி வாயில் வைத்த முறுக்கைக் கடிக்காமல் என்னைப் பார்த்தாள். அடுத்த வாயிலேயே "ஆனா நம்ம கம்பனியக் காப்பாத்துனது யாருன்னு கேளு," என்று தொடங்கிவிட்டேன். அவள் முறுக்கைக் கடித்தாள்.


நவம்பர் 6, புதன்

நாலாவது தகடு வெளியே வந்தது. என்னைக் கதவுக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள். கண்ணாடி வழியே பார்த்தேன். வழுவழுவென்று, ஒரு கோடும் இல்லாமல். அழகாக இருந்தால் இப்போது எல்லோருக்கும் பயம்.

ஓரத்தில் ஒரு துண்டு வெட்டினாள். குறட்டால் இழுத்தாள். வரவில்லை. பலமாக இழுத்தாள். சார் வாங்கி இழுத்தார். வளைந்தது, உரியவில்லை. இரண்டு உலோகம் என்று சொல்லமுடியாமல் ஒன்றாக வளைந்தது.

சுதர்ஷினி கண்ணாடிப் பக்கம் திரும்பி என்னைத் தேடினாள். நான் அங்கே நிற்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.


நவம்பர் 12, செவ்வாய்

டாங்கியில் பூட்டியாயிற்று. இன்றைக்குக் கண்ணாடியை இறக்கினார்கள்.

ஒவ்வொரு ஓட்டையிலும் முதலில் ஒரு சொட்டு. தேன்சொட்டு மாதிரி, சிவப்பாக. அது கனத்துக் கீழே இறங்கும்போது பின்னால் ஒரு நூலை இழுத்துக்கொண்டு வருகிறது. அந்த இரண்டு பெண்களும் நூல்களைச் சேர்த்துப் பிடித்து உருளையில் கோர்த்தார்கள். உருளை சுற்றத் தொடங்கியது. சத்தமே இல்லை. மழை இறங்குகிற மாதிரி, ஆனால் அறாமல்.

நான் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேனாம். பேச்சியம்மா சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

சுதர்ஷினி ஒரு கொத்து நூலைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். பட்டு மாதிரி இருந்தது. கன்னத்தில் வைத்துப் பார்த்தேன், பாசத்தில். யாரும் தடுக்கவில்லை. இரவுவரை சொறிந்துகொண்டிருக்கிறேன்.


நவம்பர் 22, வெள்ளி

தகடு நிற்கிறது. முதலாளி இரண்டாவது மெஷினுக்குச் சம்மதித்து, அது வந்தும் இறங்கிவிட்டது. சுதர்ஷினியிடம் வேலை பழக இன்னும் நாலு பேரை எடுக்கிறார்கள். அவள் லாச்சியில் மறுபடி சாமான் நிறைந்துவிட்டது. மூடவே முடியாமல் துருத்திக்கொண்டு நிற்கிறது.

திங்கட்கிழமை புது மெஷினுக்குப் பூசை. வைக்கச் சொன்னது யார்? சுண்டல் மட்டும் சாப்பிடுகிற யோகேஸ்வரன் சார்! என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

"மெஷினுக்கு வெளியால மட்டும். தகட்டில கை வைச்சால் உம்மை அந்த டாங்கிக்குள்ளயே போடுவன். ஆனால் மூர்த்தி, அதே திருநீறு. அண்டைக்கு எடுத்த அதே டப்பா. வேறை ஒண்டும் வேண்டாம்."

நெஞ்சு நிமிர்ந்து போய்ப் பேச்சியம்மாவிடம் டப்பாவைக் கேட்டேன். அவள் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. என் கையைப் பிடித்து ஸ்டோருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"அது தீந்துபோச்சிங்கய்யா."

"அதுக்கென்ன, கோயில்ல வாங்கிக்குவோம்."

"கோயில்ல கெடைக்காதுங்கய்யா." அங்குமிங்கும் பார்த்துக் குரலை இறக்கினாள். "அன்னைக்கு டப்பாவத் தொறந்தா துன்னூறு ஈரத்துல பாசி புடிச்சிக் கெடந்திச்சி. நல்ல நாளும் அதுவுமா வெறுந்தட்டு வெக்க முடியுமா? மக புள்ளைக்குப் பூசுற பவுடரத்தான் தண்ணி விட்டுக் கொழைச்சி வெச்சேன்."

பெரிய பவுடர் டப்பாவாகவே வாங்கி வந்திருக்கிறேன்.